இனிப்பு பன்னில் பிரெஞ்ச் டோஸ்ட்: முதன்முறை செய்பவர்களுக்கு

முட்டை, பால், சர்க்கரை மூன்றையும் அடித்து, ரொட்டித் துண்டை அதில் முக்கி, கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் பிரெஞ்ச் டோஸ்ட். நம் ஊர் வீடுகளில் பாம்பே டோஸ்ட் என்று பல காலமாகச் செய்துவருவதும் இதைத்தான். சாதாரண சாண்ட்விச் ரொட்டியில் இது பெரும்பாலும் தவறாமல் வரும். அதே அளவை, அதே அடுப்புச் சூட்டை, அதே ஊறும் நேரத்தை இனிப்பு பன்னுக்கு வைத்துப் பாருங்கள். வெளியே கருகியிருக்கும், உள்ளே கூழாக இருக்கும். வாயில் வைத்தால் திகட்டும்.

பன் மட்டமானது என்று பொருளில்லை. உண்மையில் இனிப்பு பன்னில் செய்த பிரெஞ்ச் டோஸ்ட்தான் சாண்ட்விச் ரொட்டியில் செய்ததைவிடச் சுவையானது என்பது என் கட்சி. ஆனால் அந்த பன்னுக்குள் பால், வெண்ணெய், சர்க்கரை, சில சமயம் முட்டையும் ஏற்கெனவே போயிருக்கின்றன. நாம் கலவையில் சேர்க்கப் போகிற பொருள்களில் பாதியை பேக்கரிக்காரரே சேர்த்துவிட்டார். அதனால் நம் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை குறைவு, பால் குறைவு, ஊறும் நேரம் குறைவு, சூடும் குறைவு. ஏன் என்பது புரிந்துவிட்டால் அளவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த ஊர் பன் கிடைத்தாலும் சமாளிக்கலாம்.

முதலில், பிரெஞ்ச் டோஸ்டுக்குள் என்ன நடக்கிறது?

ரொட்டிக்குள் ஆயிரக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. முட்டை கலந்த பால் அந்த அறைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கல்லில் சூடு ஏறும்போது முட்டையின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல இறுகி, பாலை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. இப்படி முட்டையால் இறுகிய பாலுக்குத்தான் கஸ்டர்ட் என்று பெயர். ஆக, நல்ல பிரெஞ்ச் டோஸ்ட் என்பது ரொட்டிக்குள் வெந்த கஸ்டர்ட். வெளியில் மட்டும் முட்டை பூசிப் பொரித்தால் அது ரொட்டி ஆம்லெட், வேறு பண்டம்.

முட்டையின் வெள்ளைக்கரு தனியாக இருந்தால் 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் கலந்துவிட்டால் புரதங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க அதிகச் சூடு தேவைப்படுகிறது. அதனால் கஸ்டர்ட் இறுகுவது ஏறக்குறைய 78 முதல் 83 டிகிரிக்குள். அதைத் தாண்டிப் போனால் வலை சுருங்கி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓட்டல் புஃபேயில் ஓரத்தில் நீர் விட்டுக்கொண்டு கிடக்கும் டோஸ்ட் அப்படிப்பட்டது. சர்க்கரையும் பாலும் கூடக் கூட இந்த இறுகும் புள்ளி மேலே போகும் என்பதைக் கவனியுங்கள். இனிப்பு பன்னில் ஏற்கெனவே சர்க்கரை இருக்க, நாமும் தாராளமாகப் போட்டால் நடுப்பகுதி வேக இன்னும் நேரம் பிடிக்கும்.

இதற்குள் வெளிப்பக்கத்தில் வேறொரு வேலை நடக்கிறது. ரொட்டியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றியதும் சட்டென்று ஏறும். 140 டிகிரி வாக்கில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவந்து, அந்த வாசனையைக் கொடுக்கத் தொடங்கும். மெய்யார் வினை என்று சொல்வார்கள். முறுகல் தோசை, வறுத்த காப்பிக்கொட்டை, பொரித்த கோழி எல்லாவற்றின் மணத்துக்கும் இதில் பங்குண்டு.

உள்ளே 80 டிகிரி, வெளியே 140 டிகிரி, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். பிரெஞ்ச் டோஸ்டின் சூட்சுமம் இதுதான். சாண்ட்விச் ரொட்டியில் இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே வருகின்றன. இனிப்பு பன்னில் வெளிப்பக்கம் முந்திக்கொள்கிறது.

முந்துவதற்குக் காரணம் பன்னில் உள்ள சர்க்கரையின் அளவு மட்டுமல்ல, அதன் வகையும்தான். பேக்கரிகளில் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றப் பொருள்களை அதற்கேற்ப அளப்பார்கள். சாண்ட்விச் ரொட்டியில் 100 கிராம் மாவுக்கு 5 கிராம் அளவில் சர்க்கரை இருந்தால், இனிப்பு பன்னில் 15, 20 கிராம் என்று போகும். அந்தச் சர்க்கரை அப்படியே சர்க்கரையாகவும் இருப்பதில்லை. மாவு பொங்கும்போது ஈஸ்ட் அதை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடுகிறது. நாம் டப்பாவிலிருந்து போடும் சர்க்கரை நேரடியாக மெய்யார் வினையில் கலந்துகொள்ளாது. உடைந்த இந்த இரண்டும் உடனே கலந்துகொள்ளும். பால் சர்க்கரையான லாக்டோஸும் அதே ரகம்தான். பன் சட்டென்று சிவந்து, கொஞ்சம் அசந்தால் கருகுவது இதனால்தான்.

அடுத்தது உள்ளே இருக்கும் சதை. வெண்ணெயோ டால்டாவோ மாவில் அதிகம் சேர்ந்தால் கோதுமையின் பசைப்புரதம் நீளமான இழைகளாகப் பின்ன முடியாது. அதனால்தான் பன் பஞ்சு மாதிரி மென்மையாக இருக்கிறது. கையால் பிய்த்துத் தின்ன அது வசதி, பாலில் ஊறவைக்க வசதியில்லை. மெல்லிய சுவர்கள் நனைந்ததும் தாங்காமல் சரிந்துவிடும். சாம்பாரில் அதிக நேரம் கிடந்த வடையைக் கரண்டியால் எடுக்கப் போனால் என்ன ஆகும்? அதேதான்.

சரி, எந்த பன்?

உலகத்தில் இந்த வேலைக்கு மிகவும் பேர் எடுத்த இனிப்பு ரொட்டி ஹவாய்த் தீவுகளுடையது. ஆனால் அதன் பூர்வீகம் ஹவாய் இல்லை. 1878ஆம் ஆண்டு போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தத்தில் ஆட்கள் ஹவாயின் ஹொனலூலுவில் வந்து இறங்கினார்கள். பின்னால் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்தார்கள். அவர்களோடு வந்தது முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசையும் ரொட்டி. அசோர்ஸில் அதை மாஸா சொவாடா என்பார்கள். தோட்டக் குடியிருப்புகளில் ஃபோர்னோ என்ற கல் அடுப்பைக் கட்டி அதில் சுட்டார்கள். ஹவாயின் கோனா வரலாற்றுச் சங்கம் இன்றும் அப்படியொரு கல் அடுப்பில் ரொட்டி சுட்டுக் காட்டுகிறது.

ஹவாயின் ஹிலோ நகரில் ஜப்பானியக் குடியேறிகளின் மகனான ராபர்ட் டைரா 1950இல் ஒரு பேக்கரி தொடங்கினார். போர்ச்சுகீசிய ரொட்டி சுட்ட அன்று நன்றாக இருக்கும், ஆறினால் விறைத்துவிடும். நாள்பட்டாலும் மென்மை மாறாத ஒன்றைச் செய்ய அவர் முயன்றார். கடை 1963இல் ஹொனலூலுவின் கிங் தெருவுக்கு மாறியது. 1977இல் கலிஃபோர்னியாவின் டோரன்ஸில் ஆலை வந்தது. கிங்ஸ் ஹவாயன் என்று ஆரஞ்சு நிறப் பொட்டலத்தில், பன்னிரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாக அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது அதுதான். அங்கே வசிக்கும் நம்மவர் வீடுகளில் பாவ் பாஜிக்கும் அதையே பிய்த்து வைப்பதுண்டு. ஹவாய் உணவகங்களில் காலை உணவுப் பட்டியலைப் பார்த்தால் இனிப்பு ரொட்டி பிரெஞ்ச் டோஸ்ட் தவறாமல் இருக்கும், கூடவே தேங்காய்ப் பாகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்ச்சுகலிலேயே கிறிஸ்துமஸுக்கு ரபனாடா என்ற பண்டம் செய்வார்கள். ரொட்டித் துண்டை முதலில் இனிப்புப் பாலிலோ ஒயினிலோ ஊறவைத்து, பிறகு முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, பட்டைப்பொடி கலந்த சர்க்கரையில் புரட்டுவது. அதற்கு அவர்கள் எடுப்பது இனிப்பு ரொட்டியை அல்ல, கெட்டியான மேலோடு உள்ள சாதாரண ரொட்டியை. பாலில் முதலில் ஊறப் போடும் முறைக்கு அந்த உறுதி வேண்டும். இனிப்பு பன்னை அப்படிப் பாலில் போட்டால் முட்டைக்குப் போவதற்குள் கையோடு வந்துவிடும். எனவே பன்னுக்குப் பாலும் முட்டையும் சேர்ந்த ஒரே கலவைதான் சரி.

நம் ஊர் பேக்கரியின் இனிப்பு பன்னும் தாராளமாக ஆகும். பெரும்பாலும் அதில் முட்டை இருக்காது, வெண்ணெய்க்குப் பதில் டால்டாவோ மார்ஜரினோ இருக்கும். ஹவாய் ரொட்டியைவிட வாசனை குறைவு, ஆனால் சதை கொஞ்சம் உறுதி, அதுவும் நமக்கு லாபம்தான். டூட்டி ஃப்ரூட்டி போட்ட பன் என்றால் அந்தச் சிவப்பு, பச்சைத் துணுக்குகள் கல்லில் நேரடியாகப் பட்டால் ஒட்டிக் கருகும். மேலாக இருப்பதைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கிரீம் பன், ஜாம் பன், தேங்காய் பன் வேண்டாம். உள்ளே இருக்கும் பூரணம் கலவையில் கரைந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். இலங்கையில் கிடைக்கும் கிம்புலா பணிஸ் முதலை வடிவில் நீளமாக, மேலே சர்க்கரை தூவி வரும். அதில் செய்வதானால் மேல் சர்க்கரையை நன்றாகத் தட்டி உதிர்த்துவிட்டுச் செய்யலாம், அதன் சதை இந்த வேலைக்கு அருமையானது. பிரியோஷ் என்ற பிரெஞ்சு வெண்ணெய் ரொட்டி கிடைத்தால் அது பணக்கார வீட்டுப் பிள்ளை, 100 கிராம் மாவுக்கு 50 கிராம் வரை வெண்ணெய். அதற்குக் கல்லில் வெண்ணெய் போடுவதையே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய பன் போதுமா?

பிரெஞ்ச் டோஸ்டுக்கு முந்தைய நாள் ரொட்டிதான் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். சாண்ட்விச் ரொட்டிக்கு அது சரியான பேச்சு. ஆனால் ரொட்டி பழசாவது வேறு, காய்வது வேறு. பழசாகும்போது மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. ஈரம் உள்ளேயே இருந்தாலும் ரொட்டி விறைக்கும். குளிர்பதனப் பெட்டிக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை வராமல் காப்பாற்றலாம், மென்மையைக் காப்பாற்ற முடியாது. அடுப்பில் சூடு பட்டதும் அந்த இறுக்கம் தளர்ந்து பழைய மென்மை ஓரளவு திரும்பிவிடும்.

நமக்கு வேண்டியது விறைப்பு அல்ல, ஈரம் குறைவது. ஈரம் குறைந்த இடத்தில்தான் கலவை போய் உட்கார முடியும். இனிப்பு பன்னில் இருக்கும் சர்க்கரை ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் இரண்டு நாள் ஆனாலும் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். டைரா போன்றவர்கள் பாடுபட்டதே அதற்காகத்தானே. எனவே சும்மா காத்திருப்பதில் பயனில்லை, நாமே காய வைக்க வேண்டும். நறுக்கிய துண்டுகளைத் தட்டில் பரப்பி, 120 டிகிரி ஓவனில் 10 முதல் 15 நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் எண்ணெய் விடாத கல்லை மிதமான சூட்டில் வைத்து, வெட்டுப்பக்கம் கீழாக ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து ஆறவிடுங்கள். தொட்டால் மேல்பக்கம் சொரசொரப்பாகக் காய்ந்திருக்க வேண்டும், நிறம் மாறக் கூடாது. இந்த ஒரு வேலையைத் தவிர்க்காமல் செய்தால் மீதி எல்லாவற்றிலும் சிறிது பிசகினாலும் டோஸ்ட் தேறிவிடும்.

நறுக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பன்னின் மேல்தோல் பளபளவென்று இருக்கும். சுடுவதற்கு முன்னோ பின்னோ முட்டையோ பாலோ வெண்ணெயோ பூசியிருப்பார்கள். அந்தத் தோல் வழியாகக் கலவை உள்ளே போகாது. முழு பன்னை அப்படியே முக்கினால் வெளியே வழுக்கும், உள்ளே வறண்டிருக்கும். குறுக்கே இரண்டாக வெட்டிவிட்டால் ஒரு முழு வெட்டுப்பக்கம் கிடைக்கிறது. ஹவாய் ரொட்டியைப் பிரிக்காமல் பாளமாகவே வைத்துக்கொண்டு, ரொட்டி நறுக்குவதுபோலச் செங்குத்தாக இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கினால் இரண்டு பக்கமும் வெட்டுப்பக்கம். நான் இரண்டாவது வழிக்கே ஓட்டுப் போடுவேன். ஒட்டியிருக்கும் இடத்தில் பிரிந்தால் பிரியட்டும், சிறு துண்டுகளும் நன்றாகவே வரும். எப்படி நறுக்கினாலும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள், நனைந்ததும் தூக்க முடியாது.

கலவை

ஆறு சிறிய ஹவாய் உருண்டைகள் சுமார் 170 கிராம் இருக்கும். நம் பேக்கரி பன் என்றால் மூன்று. அதற்கு இரண்டு முட்டை, 100 மில்லி பால், இரண்டு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ். சர்க்கரை வேண்டாம். முதல் தடவை இல்லாமலே செய்து, அப்புறமும் நாக்கு கேட்டால் அடுத்த முறை ஒரு தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். சாண்ட்விச் ரொட்டி என்றால் இதே எடைக்கு 150 மில்லி பாலும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டிருப்போம். பாலைக் குறைப்பது பன் சரியாமல் இருக்க, சர்க்கரையை நிறுத்துவது கருகாமல் இருக்க. மில்க்மெய்ட் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். இனிப்பு பன்னுக்கு அது ஆகவே ஆகாது. இனிப்பு கூட்ட வேண்டுமானால் தட்டில் வந்த பிறகு தேனோ பாகோ ஊற்றிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

உப்பை விட்டுவிடாதீர்கள். இனிப்பு பன்னுக்கு அது இன்னும் முக்கியம், திகட்டலை அதுதான் வெட்டும். முதலில் முட்டையையும் உப்பையும் தனியாக அடியுங்கள். வெள்ளைக்கருவின் கெட்டிக் கட்டிகள் உடைந்து இழை இழையாகத் தொங்காமல் நீர்க்கும்வரை அடித்த பிறகு பாலை ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தால் வெள்ளைக்கரு பாலில் நழுவிக்கொண்டே இருக்கும், கடைசியில் டோஸ்டின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஆம்லெட் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். முட்டை வாடை அடிக்கிறது என்று வீட்டில் முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் அந்தத் துணுக்குகள். சந்தேகம் இருந்தால் டீ வடிகட்டியில் ஒரு முறை வடித்துவிடலாம்.

பால் கொழுப்பு எடுக்காததாக இருக்கட்டும். ஏலக்காய், ஜாதிக்காய், பட்டை மூன்றில் ஒன்று போதும். பட்டைப்பொடி கலவையில் கரையாது, மேலே மிதக்கும், முதல் துண்டே முழுவதையும் வாரிக்கொள்ளும். அதை டோஸ்டின்மேல் தூவிக்கொள்வதே மேல். பாலில் பாதியைக் கெட்டித் தேங்காய்ப்பாலாக மாற்றினால் ஹவாய் ரொட்டிக்கு அபாரமாகப் பொருந்துகிறது.

ஊறும் நேரத்துக்கு வருவோம். அகலமான தட்டையான பாத்திரத்தில் கலவையை ஊற்றி, காய்ந்த துண்டை வெட்டுப்பக்கம் கீழாக வையுங்கள். பக்கத்துக்கு 15 நொடி. நன்றாகக் காயவைத்திருந்தால் 20, 25 வரை போகலாம். அழுத்தக் கூடாது. தூக்கும்போது விரலால் கிள்ளித் தூக்காமல் தோசைத் திருப்பியைக் கீழே கொடுத்துத் தூக்கி, வடியவிட்டு நேராகக் கல்லுக்குக் கொண்டுபோங்கள். நனைத்த துண்டுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கலவை முழுவதும் அடிப்பக்கத்துக்கு இறங்கி, கீழே கூழும் மேலே வறட்சியுமாகப் பிரிந்துவிடும். கல் தயாரான பிறகே முதல் துண்டை நனைக்க வேண்டும்.

கல்லும் நெருப்பும்

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். தோசை ஊற்றும் சூடு இதற்கு ஆகாது. மிதமானதற்கும் சற்றுக் கீழே வைத்து, கல்லுக்கு நான்கைந்து நிமிடம் கொடுங்கள். ஒரு சிறு துண்டு வெண்ணெய் போட்டுப் பாருங்கள்: நுரைத்து, நுரை மெல்ல அடங்கி, நிறம் மாறாமல் மஞ்சளாகவே இருந்தால் சரியான சூடு. போட்டதும் பழுப்பாகிறதென்றால் அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருங்கள்.

வெண்ணெய்க்கு வாசனை இருக்கிறது, ஆனால் அதிலுள்ள பால் திடப்பொருள்கள் 150 டிகிரி வாக்கிலேயே கருகத் தொடங்கும். கொஞ்சம் எண்ணெய் கலந்துவிட்டால் கருகாது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் கலந்தால் அந்தத் திடப்பொருள்கள் எங்கும் போய்விடுவதில்லை. அளவு குறைவதால் கருகல் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், அவ்வளவே. நம்மிடம் இதைவிட நல்ல விடை இருக்கிறது. நெய் என்பதே திடப்பொருள்களை நீக்கிய வெண்ணெய்தான், இந்தச் சூட்டில் அது அசையாது. நெய்யில் சுட்டு, இறக்கும்போது ஒரு துளி வெண்ணெய் தடவினால் இரண்டின் சுகமும் கிடைக்கும். இரும்புத் தோசைக்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இதற்கு ஏற்றதே, ஆனால் முந்தின இரவு அதில் வெங்காய ஊத்தப்பம் போட்டிருந்தால் நான்ஸ்டிக் தவாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, பக்கத்துக்கு மூன்று நிமிடம். நெருக்கி அடுக்கினால் எழும் ஆவிக்கு வழியில்லாமல் சிவப்பதற்குப் பதில் அவியும். முதல் ஒரு நிமிடம் நகர்த்த வேண்டாம். அடிப்பக்கம் இறுகியதும் தானாகவே கல்லைவிட்டு வரும். தோல் உள்ள பக்கத்தைக் கடைசியாகப் போட்டு, அதற்கு நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது ஏற்கெனவே ஒருமுறை சுட்டுச் சிவந்ததுதான்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இனிப்பு பன்னில் நிறம் ஏமாற்றும். நடுவில் விரலால் மெதுவாக அழுத்தினால் மேலே எழும்பி வர வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால், அல்லது ஓரத்தில் பால் கசிந்தால், உள்ளே இன்னும் கஸ்டர்ட் இறுகவில்லை. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்த்தால் 78 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். முட்டையிலுள்ள கிருமிக்கான பாதுகாப்பு எல்லை 71 டிகிரி, அது இதற்குள் அடங்கிவிடும். வெளியே சிவந்துவிட்டது, உள்ளே வேகவில்லை என்றால் அடுப்பைச் சிறுதீயாக்கி ஒரு நிமிடம் மூடி வையுங்கள், பிறகு திறந்து அரை நிமிடம் ஈரத்தைப் போக்குங்கள். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைப்பது இன்னும் நல்லது, மொறுமொறுப்பு போகாது.

முட்டை சேராத வீடுகளுக்கு

முட்டை இல்லாமல் கஸ்டர்ட் எப்படி என்று கேட்கலாம். பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1837இல் இதே கேள்வியோடு உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. சோளமாவைக் கொண்டு அவர் செய்ததுதான் இன்று நம் மளிகைக்கடைகளில் கிடைக்கும் கஸ்டர்ட் பவுடர். முட்டைப் புரதம் செய்யும் வேலையை இங்கே மாவுச்சத்து செய்கிறது: சூட்டில் பாலை உறிஞ்சி உப்பி, கெட்டியாகிறது.

மேலே சொன்ன அளவு பன்னுக்கு 150 மில்லி ஆறிய பாலில் இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். வெதுவெதுப்பான பாலில்கூட வேண்டாம், கட்டி தட்டும். மாவு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு துண்டை நனைக்கும் முன்னும் ஒரு கலக்கு கலக்க வேண்டும். ஊறும் நேரம் 10 நொடிக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் முட்டைபோல இது சுவர்களைத் தாங்கிப் பிடிக்காது. முட்டை சேர்த்ததைப் போல நடுப்பகுதி கொழகொழவென்று வராது, வெளியே மட்டும் நல்ல மொறுமொறுப்பு கிடைக்கும். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை, வேறொரு பண்டமாக எடுத்துக்கொண்டால் போதும். காலையில் பிள்ளைகளுக்கு அவசரமாகச் செய்ய இதுவே சுலபம்.

நாலைந்து பேருக்கு மேல் என்றால் கல்லடியில் நின்று கட்டுப்படியாகாது. ஹவாய் ரொட்டி ஒரு பாளம் முழுவதையும் ஆறு துண்டு எட்டுத் துண்டாகப் பிய்த்து, வெண்ணெய் தடவிய ஓவன் தட்டில் பரப்பிக் காயவையுங்கள். நான்கு முட்டை, 250 மில்லி பால், உப்பு, வெனிலா அடித்து மேலே ஊற்றி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். இரவு முழுக்க வைக்கச் சொல்வதெல்லாம் முரட்டு ரொட்டிக்கு, இனிப்பு பன் அதற்குள் புட்டிங்காகிவிடும். 175 டிகிரியில் 30 நிமிடம், மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைப் போட்டு மூடி இன்னும் ஐந்து நிமிடம்.

தொட்டுக்கொள்ள புளிப்பாக ஏதாவது இருந்தால் நல்லது. மாம்பழமும் வாழைப்பழமும் அழகாகத் தெரியும், ஆனால் இனிப்புக்கு மேல் இனிப்பு. அன்னாசித் துண்டை அதே கல்லில் சுட்டு வைக்கலாம். எலுமிச்சை பிழிந்த தயிர் ஒரு கரண்டி, அல்லது பாகு வேண்டுமென்றால் நாட்டுச்சர்க்கரையைத் தேங்காய்ப்பாலில் கரைத்துச் சுண்டக் காய்ச்சி, இறக்கும்போது உப்பு ஒரு சிட்டிகை.

மீந்துபோனால் ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தாள் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள், சில வாரம் கெடாது. சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம், தொளதொளத்துவிடும். டோஸ்டரில் கனம் நுழைந்தால் அதில், இல்லாவிட்டால் உலர்ந்த கல்லில் சிறுதீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.